வலது பக்க வளையம்

போன வெள்ளிக்கிழமை காலை காசிம் நானாவின் மருமகன் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து என் வாசலில் நின்றார். "மாமா விடியத் தொழுதிட்டு மௌத்தாகிட்டாங்க. பகல் தொழுகையோட அடக்கம்," என்றார். பாதிச் சவரத்தோடு ஓடினேன். நானா பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

துறைமுகக் கொடிமேடையில் நாங்கள் இருவரும் ஒன்பது வருடம் மாறி மாறிக் கடமை செய்தோம். வரும் கப்பல்களின் கொடிகளைத் தூரக்கண்ணாடியால் படித்துக் கீழே சொல்ல வேண்டும். அந்த இரட்டைக்குழல் கண்ணாடியில் தெளிவைச் சரிசெய்யக் கண்ணுக்கு ஒரு வளையம். எடுப்பவர் இரண்டையும் திருப்பித் தன் பார்வைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்வார். நானாவிடமிருந்து வாங்கும்போது வலது வளையம் மட்டும் எப்போதும் நான் விட்ட இடத்திலேயே இருக்கும். எனக்காகத் திருப்பி வைக்கிறார் என்று நினைத்து, அவருடைய பண்பைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

ஒருநாள் பகிடியாகக் கேட்டேன். "நானா, மரியாதை செய்யிறதெண்டால் ரெண்டு பக்கமும் செய்யுங்கோவன். இதென்ன அரை மரியாதை?"

அவர் சிரிக்கவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பையின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார். அதையும் ஒரு பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

"எனக்கு வலது கண்ணு தெரியாது தம்பி. நீங்க வர முந்தியே போச்சு. துரைக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேலை போயிடும். வீட்டுல கலியாணம் முடிக்காத ரெண்டு கொமர் ஈக்கி."

எனக்குக் கோபம் வந்தது. கப்பலோடு விளையாடுவதா என்று கேட்டேன். அவர் கண்ணாடியை எடுத்து, வெளியே நின்ற மூன்று கப்பல்களின் கொடிகளையும் நிதானமாகப் படித்தார். பிறகு என்னிடம் தந்தார். இரண்டு கண்ணாலும் தேடினேன். ஒரு பிழைகூட இல்லை.

"ரெண்டு கண்ணுள்ளவன் ஒருக்காப் பாப்பான். நான் ரெண்டு தரம் பாப்பேன்," என்றார்.

அதன்பின் நான் வாயே திறக்கவில்லை, மனைவியிடம்கூட. மகள்மார் இருவருக்கும் கலியாணம் நடந்தது. நண்பர்களே, இனி அவர் வேலையை எந்தத் துரையாலும் பறிக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன்.

முந்தாநாள், நானாவின் இடத்துக்கு வந்த புதியவரிடமிருந்து கண்ணாடியை வாங்கினேன். வலது பக்கம் மங்கலாகத் தெரிந்தது. முதலில் என் கண்தான் கலங்கிவிட்டதென்று நினைத்தேன். பிறகு வளையத்தில் கைவைத்தேன். எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியவில்லை. ஒன்பது வருடம் நான் அதைத் தொட்டதேயில்லை.

ஒருவாறு சரிசெய்து கொடியைப் படித்தேன். கீழே சொல்லுமுன் இன்னொரு தரம் பார்த்தேன். நானாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதைத்தான்.