முந்தி ஓடிய கடிகாரம்

எங்கள் ஊரில் பௌர்ணமி அன்று செல்போன் வெறும் டார்ச் லைட்தான். கிரிவலத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் போனைத் தட்டினால் சிக்னல் எங்கே நிற்கும்? போன மாசிப் பௌர்ணமி வரை அது எனக்கு வெறும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அன்று காலை, கீழ்பென்னாத்தூரில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை எடுக்கும்போது காலைக் கிழித்துக்கொண்டாள். அங்கிருக்கும் கிளை கிளினிக்கில் ஊசி போட்டார்கள். ஊசி ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கி, மூச்சு இழுத்து, எப்படியோ பிழைத்தாள். இனி அந்த மருந்தே கூடாது என்று நர்ஸ் கணினியில் அவள் பெயரில் சிவப்புக் குறி போட்டிருக்கிறார்.

போன் வராததால் எனக்கு ஒன்றும் தெரியாது. அதே வேளையில் நான் டவுனில் அதன் தலைமை கிளினிக்கில் நின்று, எங்கள் இருவர் பதிவிலும் முகவரியை வேங்கிக்கால் என்று மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் மாற்றிவிட்டாள். இரண்டு இடத்திலும் இன்டர்நெட் லைன் இல்லை. இரண்டு கணினியும் தன்னிடம் பதிந்ததை வைத்துக்கொண்டு, லைன் வந்ததும் ஒன்றாகச் சேர்க்கக் காத்திருந்தன.

நாலைந்து நாளில் காயம் சீழ் பிடித்தது. டவுன் கிளினிக்குக்கே கூட்டிப் போனேன். நர்ஸ் ஊசியோடு வந்ததும் மனைவி கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னா ஊசிங்க அது?"

நர்ஸ் மருந்தின் பெயரைச் சொன்னாள்.

"அங்க அது போட்டுத்தான மூஞ்சி வீங்கிச்சு!"

"கம்ப்யூட்டர்ல அப்படி ஒண்ணும் இல்லியேக்கா."

டேட்டாபேஸ்தான் என் பிழைப்பு என்பதால் டாக்டர் என்னையே பார்க்கச் சொன்னார். லைன் வந்ததும் இரண்டு பதிவும் மோதியிருக்கின்றன. எது கடைசியாக எழுதப்பட்டதோ அதை முழுசாக வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கியெறிவது அந்த மென்பொருளின் வழக்கம். உண்மையில் சிவப்புக் குறிதான் சில நிமிஷம் பிந்தியது. ஆனாலும் முகவரி ஜெயித்திருந்தது, ஏனென்றால் வரவேற்புக் கணினியின் கடிகாரம் முந்தி ஓடி, முகவரிக்கு இன்னும் பிந்திய நேரத்தைப் போட்டிருந்தது.

"நான்தான் டைம கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சேன் சார். இல்லன்னா கீழ்பென்னாத்தூர் பஸ்ஸ உட்டுடுவேன்" என்றாள் அந்தப் பெண்.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் அப்படித்தான் ஓடுகிறது. ஊரில் எந்த வீட்டில் ஓடவில்லை?

"இந்த மாதிரி வேற யாருக்காவது அழிஞ்சிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் டாக்டர். நானும் தேடினேன். தோற்ற பதிவை அந்த மென்பொருள் எங்கேயும் வைப்பதில்லை. அழிந்த குறியும், போடாத குறியும் ஒரே மாதிரி வெற்றிடமாகத்தான் இருந்தன. பயமாக இருந்தது.

வெளியே வந்தேன். நர்ஸ் அடுத்தவரைக் கூப்பிட, ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்தார்.

"ஐயா, உங்களுக்கு எந்த ஊசியாவது ஒத்துக்காதா?" என்று வழிமறித்துக் கேட்டேன்.

"எனக்கெங்க ஞாபகம் இருக்குது? அதெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும் தம்பி" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.