கம்பெனி வாசலிலேயே செல்லாத பணம்

அலுவலகத்தில் அவருக்கு 'ரம்பம்' என்று பட்டப்பெயர். பதில் வரும்வரை ஒரே கேள்வியைப் போட்டு அறுத்துக்கொண்டே இருப்பார் என்பதால் வந்தது. வங்கியாக இல்லாமல், கைபேசி வழியே மக்கள் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனிகளைக் கண்காணிப்பது அவர் வேலை. மக்கள் போட்ட பணம் தனிக்கணக்கில் கிடக்க வேண்டும்; கம்பெனி தன் செலவுக்கு அதைத் தொடக்கூடாது. விதி அவ்வளவுதான்.

அன்று சோதித்தது இருப்பதிலேயே பெரிய கம்பெனி. மாதக் கடைசி இருப்பு அப்பழுக்கில்லாமல் இருந்தது. வெளியே வந்து எதிர் டீக்கடையில் டீ குடித்துவிட்டுக் கைபேசியை நீட்டினார். கடைக்கார அம்மா வேண்டாமென்று தலையாட்டினாள்.

"இந்தக் கம்பெனி ஆப்பா? வேணாம்மா, காசா குடுங்க."

"அவங்க வாசல்லயே அவங்க பணம் செல்லாதா?"

"செல்லும். நம்ம கைக்கு வர்றதுக்குள்ள உசுரு போயிடும். கடை வாடகையே உள்ள மாட்டிக்கிட்டு கிடக்கு. மாசக் கடைசில மட்டும் கேட்ட உடனே குடுப்பாங்க, விருந்தாளி வர்ற அன்னிக்கு மட்டும் வீடு கூட்டற மாதிரி."

ரம்பத்துக்குப் பொறி தட்டியது. அந்த விருந்தாளி வேறு யாருமில்லை, அவருடைய துறைதான். எப்போதும் மாதக் கடைசி இருப்பைத்தான் கேட்பார்கள். யார் தொடங்கிய வழக்கமோ, ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஏன் என்று கேட்காத இடத்தில்தான் கொள்ளை குடியேறுகிறது.

மாத நடுவில் ஒரு நாள் சோதிக்க அனுமதி கேட்டதும் மேலதிகாரி இழுத்தார். அப்படி நடைமுறை இல்லை, பெரிய இடம், பார்த்துச் செய்யலாம் என்றார். மற்ற நாளில் பார்க்கக்கூடாது என்று எந்த விதி சொல்கிறது என்று ரம்பம் கேட்டார். மறுபடி கேட்டார். காது வலித்த பிறகு கையெழுத்து விழுந்தது.

மாத நடுவில் ஒரு மதியம், சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று, கணக்கைக் கண்ணெதிரே திறக்கச் சொன்னார். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. மீதி விளம்பரத்திலும் புதுக் கட்டடத்திலும் கரைந்திருந்தது.

"சும்மா கிடந்த பணம்தானே மேடம், கொஞ்சம் சுத்த விட்டோம்" என்றார் முதலாளி.

"உங்க பணம்னா சுத்துங்க சார். இது டீக்கடைக்காரங்க பணம்."

பணத்தை நிரப்பும்வரை புதிதாக ஒரு வாடிக்கையாளரைக்கூடச் சேர்க்கக்கூடாது என்று உத்தரவு போனது. கட்டடத்தை விற்றுத்தான் நிரப்பினார்கள். செய்தி பரவியதும் அந்தத் தெருக் கடைகள் அத்தனையும் ஒரே நாளில் பணத்தைக் கேட்டன. ஒருவருக்கும் ஒரு காசு குறையவில்லை. டீக்கடையின் வாடகை பாக்கி அன்றே அடைந்தது.

ரம்பம் அதற்குள் அடுத்த கம்பெனிக்குக் கிளம்பியிருந்தார். இப்போதெல்லாம் எந்த நாளில் எங்கே போய் நிற்பார் என்று மேலதிகாரிக்கே தெரியாது.