நடு ரோட்டில் என் கார், பாக்கெட்டில் என் சாவி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது அடைத்துவிடும். வாய் மட்டும் பிரமாதமாக வேலை செய்யும்.

அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பிரிக்பீல்ட்ஸ் மையத்தில் பதினொரு மணி நாற்காலி அவளுடையது. நான்கு மணி நேரம் அதில் உட்கார்ந்தால்தான் உடம்பில் தேங்கிய நீர் இறங்கும். மூன்று மணிக்கு அதே நாற்காலிக்கு இன்னொருவர் வந்துவிடுவார். அதனால் நாங்கள் தாமதித்தால் அந்த நேரம் அக்காவின் நான்கு மணியில்தான் கழியும். சனிக்கிழமைகளில் செந்தூல் வீட்டிலிருந்து அவளை ஏற்றிக்கொண்டு போவது என் பொறுப்பு. பொறுப்பானவன் என்று வீட்டில் எனக்குப் பெயர். அன்றுவரை இருந்தது.

வழியில் ஒரு பழைய அடுக்குமாடி. அதன் முன்னால் ரோட்டை மறித்துப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் இரண்டே கார்கள். மணி பத்தே கால். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி தமிழிலும் மலாயிலும் ஏதோ சொன்னார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹார்னை அழுத்திப் பிடித்தேன். பின்னால் இருந்தவர்களும் அழுத்தினார்கள். எல்லாரும் சேர்ந்து அடித்தால் ரோடு திறந்துவிடும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை.

"அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுடா" என்றாள் அக்கா.

"என்ன சொல்லுவாங்க? வேலை வெட்டி இல்லாதவங்க. இரு, போய்க் கேக்கிறேன்."

கண்ணாடிகளை இறக்கிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இறங்கும்போது கை தானாக ஒரு வேலை செய்தது. நாங்கள் குடியிருக்கும் இடத்தில் கார் நிறுத்த இடம் போதாது. ஒருவர் காருக்குக் குறுக்கே இன்னொருவர் நிறுத்துவோம். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கைப்பேசி எண் எழுதிய அட்டையைக் கண்ணாடியோரம் வைத்துவிட்டுப் போய்விடுவோம். வழி வேண்டியவர் தள்ளிக்கொள்வார், இல்லாவிட்டால் கூப்பிடுவார். அதையே நடு ரோட்டிலும் செய்தேன். உள்ளே அக்கா இருக்கிறாளே என்று கைக்குத் தோன்றவில்லை.

ஒலிபெருக்கிப் பெண்மணியிடம் நேராகப் போனேன்.

"ஆன்டி, ரோடு உங்க அப்பன் வீட்டுதா?"

"இல்ல அங்கிள். லிஃப்ட் நாலு மாசமா ஓடல. நிர்வாக ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தாச்சு, போய்ப் பார்த்தாச்சு. ஒருத்தரும் வரல. இப்ப நீங்க வந்திருக்கீங்க இல்ல, அதுபோல அவங்களும் வருவாங்க."

கூட்டம் சிரித்தது. அவர் என்னை விடப் பத்து வயது பெரியவர், என்னை அங்கிள் என்கிறார். அதில் என் கோபம் இன்னொரு மாடி ஏறியது. படிக்கட்டு எதற்கு இருக்கிறது என்றேன். உடம்புக்கு நல்லது என்றேன். தொப்பையை முன்னால் வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அந்த நேரத்தில் என் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். தினமும் யாராவது கூப்பிட்டு, உங்கள் பெயரில் வந்த பொட்டலம் சுங்கத்தில் மாட்டியிருக்கிறது, வங்கி எண்ணைச் சொல்லுங்கள் என்கிற ஊர் இது. வெட்டினேன். மறுபடி அடித்தது, வெட்டினேன். ஐந்தாவது முறை எடுத்து, "டேய், உனக்கு வேற ஆளு கிடைக்கலயா?" என்று கத்திவிட்டு வைத்தேன். திரும்பவும் ஆன்டியிடம் வந்தேன்.

"நோயாளிக்குக்கூட வழி விடாத நீங்கள்லாம் மனுசங்களா?"

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். முன்னால் நின்ற இரண்டு கார்களும் ஓரமாக ஒதுங்கியிருந்தன. கைலி கட்டிய நான்கு ஆட்கள் என் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே அக்கா, தேரில் வரும் அம்மனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்காலிகள் விலகின. என் கார் என்னைக் கடந்து போனது.

"ஹாஸ்பிட்டல் கேஸ் முன்னால வாங்கன்னு மைக்குல பத்து வாட்டி சொன்னோம் லா, போஸ்" என்றார் தள்ளியவர்களில் ஒருவர், மூச்சு வாங்க. "கார் காரா கேட்டு வந்தப்ப அக்கா சொன்னாங்க. போன் பண்ணினா திட்டுறீங்க. மைக்குல கூப்பிடலாம்னா மைக் வெச்சிருக்கிற ஆன்டிய நீங்க பேச விட மாட்டேங்கிறீங்க."

ஆன்டி ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "என் வீட்டுக்காரருக்கும் டயாலிசிஸ்தான். பன்னெண்டாவது மாடி. இந்த நாலு பேருதான் நாற்காலியோட தூக்கி இறக்குவாங்க. போங்க, நேரமாச்சு."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் சாவியைத் தேடினேன், இரண்டு பாக்கெட்டிலும்.

மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். ஊசி ஏற்றுவதற்குள் பன்னிரண்டு. மூன்று மணி நேரம்தான் கிடைக்கும் என்றார் தாதி. கைப்பேசியில் பார்த்தேன். முதல் அழைப்பு வந்தது பத்தரைக்கு. கார் என்னைக் கடந்து போனது பதினொன்று ஐந்துக்கு. அந்த முப்பத்தைந்து நிமிடத்தை யார் மறித்தார்கள் என்று கணக்குப் போட மூளை தேவையில்லை. இருந்தும் நான் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், வேறு விடை வராதா என்று.

அதற்குள் நான் கத்துகிறதை யாரோ படம் பிடித்து இணையத்தில் போட்ட காணொளி, கைப்பேசியில் எங்கள் குடும்பக் குழுவுக்கே வந்துவிட்டது. அடியில் நூற்றுக்கணக்கில் கருத்துகள். பெரும்பாலும் என் பக்கம். அங்கிள் சொல்றது ரைட். எல்லாரையும் பிடிச்சு உள்ள போடு. லோரிய விட்டு ஏத்து. வாழ்க்கையில் முதல்முறையாக இத்தனை பேர் என்னை ஆதரிக்கிறார்கள், எனக்கோ அவர்களை ஒவ்வொருவராக அறைய வேண்டும்போல் இருந்தது. லிஃப்டைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதினேன்: "நான்தான் அந்த அங்கிள். தப்பு என் மேல. வழி விட்டாங்க. அங்க லிஃப்ட் நாலு மாசமா ஓடல."

உடனே பதில் வந்தது. "போய்யா, அந்த அங்கிள் உன்ன மாதிரி கோழை இல்ல."

மூன்று மணிக்கு அக்காவை எழுப்பி உட்கார வைத்தார்கள். கணுக்கால் வீக்கம் வற்றவில்லை. குனிந்து செருப்பை மாட்டப் பார்த்தேன். வார் பாதத்தில் ஏறவில்லை. அழுத்தினேன்.

"வலிக்குதுடா" என்றாள்.

செருப்பை ஒரு கையிலும் அவளை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டேன். வெறுங்காலோடு, சூடான தார் ரோட்டில், கார் வரைக்கும் மெதுவாக நடந்தோம். எங்களுக்குப் பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.