மூன்று விசிலுக்கு ஒரு புரோகிராம்

பருப்பு வேகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

ராஜபாளையத்தில் எங்கள் வீடு, சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று. அம்மா முன்னறையில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே குக்கர். நான் தரையில் கவிழ்ந்து கிடந்து 8085 பிராசஸரின் இன்டரப்ட் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வேலையில் இருக்கும் பிராசஸரை வெளியிலிருந்து ஒரு சிக்னல் கூப்பிடும். அது போய் என்னவென்று பார்த்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பவேண்டும். அவ்வளவுதான் பாடம். விசில் அடித்தது. அம்மா எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

சாப்பாட்டில் பருப்பு கடுக்கென்றது. மில்லில் ஷிப்டு முடிந்து வந்திருந்த அப்பா முகத்தை மாற்றாமல் கேட்டார்: “இது பருப்புக் கொழம்பா, கோலிக்குண்டுக் கொழம்பா?”

“மூணு விசில் எண்ணித்தான் அணைச்சேன்.”

“மெஷின் சத்தத்துல ஒன்ன மூணா எண்ணிருப்ப.”

“எனக்கா எண்ணத் தெரியாது? அம்புட்டு நைட்டியவும் யாரு எண்ணிக் குடுக்கா?”

அம்மாவுக்கு நிஜமாகவே கோபம். எனக்கோ தலைக்குள் பல்பு எரிந்துவிட்டது. விசில்தானே இன்டரப்ட்! எண்ணுகிற வேலையை பிராசஸரிடம் கொடுத்துவிட்டால் வீட்டில் சண்டையே வராதே.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் காலேஜ் லேபுக்குள் நுழைந்ததுமே சொன்னேன். என் லேப் ஜோடி வத்திராயிருப்பிலிருந்து பஸ் மாறி வருகிறவள். “ஏட்டி, ஊரெல்லாம் ரோபோ செய்யுது, நீ பருப்பு வேக வைக்கியா?” என்று சிரித்தாள். ஆனாலும் சிரித்து முடிப்பதற்குள், விசிலைக் கேட்க வைக்கும் மைக்குக்கு சர்க்யூட் வரைய ஆரம்பித்திருந்தாள். ஒரு விசிலுக்கு ஒரே ஒரு துடிப்பு வருகிற மாதிரி. புரோகிராம் என் பொறுப்பு.

லேப் சார் ஒரு நிபந்தனை போட்டார். “வெள்ளிக்கிழமை ஓடுச்சுன்னா பிராசஸர் கிட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணுங்க. ஓடலன்னா எல்லாரும் செய்ற டிராபிக் லைட்டு.”

டிராபிக் லைட் புரோகிராம் எங்கள் சீனியர்களுக்கும் சீனியர்கள் காலத்திலிருந்து கைமாறி வருவது. அதைக் காட்டி மார்க் வாங்குவதைவிட லேபைக் கூட்டிப் பெருக்கலாம்.

ஆனால் என் புரோகிராம் பேய் பிடித்ததுபோல ஆடியது. டிஸ்பிளேயில் ஒரு பக்கம் நிமிடம் ஓடவேண்டும், மறுபக்கம் விசில் கூடவேண்டும். போனில் பதிந்த விசிலை ஓட்டினால் விசில் ஒன்று கூடும். கூடவே நிமிடம் எங்கேயோ தாவும். ஒவ்வொரு வரியையும் ஹெக்ஸ் எண்ணாக மாற்றி, கிட்டின் குட்டிக் கீபோர்டில் மறுபடி மறுபடி அடித்தேன். ஒரு எண் பிசகினால் முதலிலிருந்து. கண்ணை மூடினால்கூட 3E, 32 என்றுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்காமல் அம்மா தைப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். விசில் வந்தது. எழுவதற்கு முன் அம்மா சக்கரத்தைக் கையால் லேசாகத் திருப்பி, ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்தாள். திரும்பி வந்தபோது துணி நகரவில்லை; தையல் அதே இடத்திலிருந்து ஓடியது.

நான் எதையும் இறக்கி வைக்கவில்லையே! விசில் எண்ணப் போகிறபோது பிராசஸர் கையில் வைத்திருந்த நிமிடக் கணக்கின் மேலேயே விசில் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். போகும்போது பழையதை ஸ்டாக்கில் பத்திரப்படுத்த ஒரு PUSH, திரும்பும்போது எடுத்துக்கொள்ள ஒரு POP. இரண்டே வரி.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கே?”

“ஊசிம்மா, ஊசி!”

“குத்திருச்சா?”

வெள்ளிக்கிழமை ஓடியது. விசில் கூடியது, நிமிடம் தாவவில்லை. சார் தன் போனிலும் ஒரு விசிலைத் தேடி எடுத்து ஓட்டிப் பார்த்தார். “எங்க வீட்டுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்கம்மா” என்று கிட்டைக் கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் உட்கார இடமில்லை. குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்குப் பக்கத்தில் மைக்கை வைத்தேன். இந்த முறை அம்மா எண்ணக் கூடாது என்று ஒப்பந்தம். டிஸ்பிளேயில் மூன்று வந்தது, அணைத்தேன், ஆவி அடங்கியதும் திறந்தேன்.

பருப்பு கடுக்கென்றது.

அப்பா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர். என்னை எப்போதும் அம்மாயி, அதாவது பெண்ணே, என்றுதான் கூப்பிடுவார். “ஏ அம்மாயி! என் குக்கரு எத்தன விசில் அடிச்சுச்சுன்னு ஒன் மெஷின் சொல்லுதா? எனக்கு ரெண்டா மூணான்னு மறந்துபோச்சு.”

அம்மாதான் முதலில் எழுந்தாள்.

“கேட்டியா? நான் அன்னைக்கே சரியாத்தான் எண்ணிருக்கேன்! குக்கருதான் ரெண்டு.”

அப்பா பருப்பை மென்றார். அம்மா தைக்கப் போகும்போது முணுமுணுத்த பாட்டு எனக்குக் கேட்டது.

தப்பு எண்ணுவதில் இல்லை, காது கொடுப்பதில். ஆகவே இனி இரண்டு மைக்: ஒன்று எங்கள் அடுப்படியில், ஒன்று அக்கா அடுப்படியில். எந்தப் பக்கம் சத்தம் பெரிதோ அந்தக் கணக்கில் ஒன்றைக் கூட்டவேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க பிராசஸரில் CMP என்றே ஒரு கட்டளை இருக்கிறது. எங்கள் விசில் எண்ணிக்கையை வைக்க B ரிஜிஸ்டர், அக்காவுடையதற்கு C. சர்க்யூட்டை வத்திராயிருப்புக்காரி வரைய ஆரம்பித்துவிட்டாள். அக்கா சுவரோரமாக வயர் விட இடம் ஒதுக்கிவிட்டார். அடுத்த ஞாயிறு இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்புப் பற்றவைக்கிறோம்.