ஆறு மணிக்கு முன் கொடுக்க வேண்டிய படிவம்

என் மனைவி மலரை உயிரோடு கடைசியாகக் கண்டது தேர்தலுக்கு முந்திய செவ்வாய் மத்தியானம். பின்னேரம் எனக்குத் தேர்தல் வகுப்பு. பல்கலைக்கழகத் தாழ்வாரம் துடைத்துக்கொண்டே தானாகப் படித்து, பிந்திப் பட்டம் எடுத்துப் பகுதிநேரமாக அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவன் நான். ஒரு வகுப்பைத் தவறவிட்டால் அடுத்த பருவம் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம் இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

கையெழுத்து

மொன்ட்ரியாலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதி மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே வாக்களிக்க ஒரு விண்ணப்பப் படிவம் உண்டு. குடியுரிமை கிடைத்து மலருக்கு இது முதல் தேர்தல். கையெழுத்து வைத்துப் படிவத்தை என்னிடம் தந்தாள்.

"ஊரில என்ர வாக்கை நான் போக முதலே ஆரோ போட்டிட்டினம். இஞ்ச நான்தான் போடுவன். ஆறு மணிக்கு முன்னம் குடுத்திடுங்கோ, என்ன?"

தாழ்வாரம்

தேர்தல் அலுவலகம் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு மெட்ரோ நிறுத்தம். வகுப்புக்கு முன் போய்வர நேரமிருந்தது. பல்கலைக்கழகப் படியிறங்கும்போது என் வகுப்புத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி மறித்தாள். கட்டுரைக்கு ஏன் புள்ளி குறைந்ததென்று விளக்கி முடிக்க வகுப்பு நேரமாகிவிட்டது. இடைவேளையில் ஓடிப்போகலாம் என்று நினைத்தேன். வகுப்பு வாசல் வரை அவள் விடவில்லை.

"சேர், இந்தத் தேர்தல் பரீட்சைக்கு வருமோ? வராட்டி நான் படிக்கேல்ல."

கரும்பலகை

அன்றைய பாடமே விசேட வாக்களிப்பு, வாக்குச்சாவடிக்குப் போகமுடியாதவர்கள் வாக்களிக்கும் முறை. கேள்விகள் கூடி, இடைவேளை விட மறந்தேன். 'செவ்வாய், மாலை ஆறு மணி, கடைசி நேரம்' என்று எழுதித் திரும்பினால் சுவர்க் கடிகாரத்தில் ஆறு பத்து. படிவம் என் பைக்குள். ஏழைக் குடியேறிகள் வாழும் மொன்ட்ரியால்-நோர் பகுதிப் பெண்ணொருத்தி, தவறவிட்டவர்களுக்கு வேறு வழியுண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். வசதியான கர்க்லாண்ட் பகுதிப் பையன் ஒருவன் சிரித்தான்.

"உண்மையாக அக்கறை உள்ளவர் யாராவது தவறவிடுவாரா, சேர்?"

தொலைபேசி

வகுப்பு முடிந்ததும் மருத்துவமனையிலிருந்து மலர் அழைப்பு எடுத்தாள். குடுத்திட்டீங்களோ என்று கேட்டாள். ஓம் என்றேன்.

"அப்ப சரி. இனி ஆரும் என்ர வாக்கைப் போடேலாது."

விடியமுன் போய்விட்டாள்.

ஆறுதல்

செத்தவீட்டுக்கு வந்த சென்னைக்காரப் பேராசிரியரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"விடுங்க சார், நம்ம தொகுதியில ஒரு வோட்டால என்ன மாறிடப்போகுது?"

அடுத்த பருவமும் என்னைக் கூப்பிட்டார்கள், அதே பாடம், அதே பை. படிவம் அதற்குள்தான் இருக்கிறது.