வராந்தாவில் கை அசைத்தவர்

ஓய்வுபெற்ற பிறகும் யாராவது ஓர் ஆய்வேட்டைக் கொண்டுவந்து கொடுத்து, ‘ஒருமுறை பாருங்கள் மேடம்’ என்கிறார்கள். நான் மேற்கோள் குறிகளை எண்ணுகிற ஆள் என்று தெரிந்தே வருகிறார்கள், பிறகு வருத்தப்படுகிறார்கள். கல்லூரியில் ஆய்வு நெறிமுறை என்ற பாடத்தை நடத்தியவள் நான். முதன்மை ஆதாரம் வேறு, துணைமை ஆதாரம் வேறு. நேரில் கண்டவர் சொல்வது ஒன்று, கண்டவரிடம் கேட்டவர் சொல்வது இன்னொன்று. இதை விளக்க அரை மணி நேரம் போதும். மாணவர்கள் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுக் கொண்டுவருவார்கள். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதுவேன்: நேரில் பார்த்தது யார்?

அந்தக் கேள்வி முதலில் எழுந்தது கல்லூரியில் அல்ல, எங்கள் வீட்டில்.

அப்போது மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா பள்ளி ஆசிரியர். அம்மாவுக்குக் காசநோய் என்று, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அம்மாவின் தங்கை, என் சித்தி, ஊரிலிருந்து வந்து துணைக்கு அங்கேயே தங்கிக்கொண்டாள். குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ரயில்பாதையைத் தாண்டி, மருத்துவமனை வேலியோரம் போய் நிற்பார். நடுவே பெரிய மைதானம். அதற்கு அப்பால் ஓட்டுக் கட்டடம், நீளமான வராந்தா. சிறிது நேரத்தில் பச்சைப் புடவை கட்டிய ஓர் உருவம் தூணருகே வந்து நிற்கும்.

“அதோ பாரு, அம்மா. டாட்டா காட்டு.”

காட்டுவேன். அந்த உருவமும் கையை உயர்த்தி அசைக்கும். முகம் தெரியாது. புடவை தெரியும், வீட்டில் அம்மா கட்டிக்கொண்டிருந்த அதே பச்சை. சவுக்கு மரங்களுக்கு நடுவே காற்று வீசிக்கொண்டிருக்கும். அந்த உருவம் உள்ளே போனதும் நாங்கள் திரும்பிவிடுவோம். வழியில் அப்பா கடலை மிட்டாய் வாங்கிக் கொடுப்பார்.

ஒரு மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். அடுத்த கோடையில் பெரியவர்கள் கூடிப் பேசி, அப்பாவுக்கும் சித்திக்கும் சர்ச்சில் கல்யாணம் செய்துவைத்தார்கள். குழந்தைக்காக என்று எல்லோரும் சொன்னார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நடைமுறைப்படி அது சரிதான், நான் மைனர்.

சித்தியை அம்மா என்று கூப்பிட வேண்டும் என்பதில் ஊருக்கே அக்கறை இருந்தது. பால் ஊற்ற வரும் அம்மாள் ஒரு காலையில் வாசலில் நின்றே ஆரம்பித்தாள்.

“இன்னா பாப்பா, இன்னும் சித்தி சித்தின்னுகினு கீற? வாய் நெறைய அம்மான்னு கூப்புடு. சோறாக்கிப் போடுறது யாரு?”

“எங்கம்மாவ நான் பாத்திருக்கேன்” என்றேன்.

“யாரு பாக்கலன்னது?”

“உள்ள விடாதப்பக்கூட நான் வேலிக்கு வெளில நின்னு பாத்தேன். பச்சப் புடவ கட்டிகிட்டு டாட்டா காட்டினாங்க. என்னைப் பாக்கத்தான் வெளியவே வந்தாங்க. வேற யாரும் அம்மா இல்ல.”

பால்காரம்மாள் சித்தியின் முகத்தைப் பார்த்தாள். சித்தி கையில் பால் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

“ஆமாங்க” என்றாள். “அவ பாத்திருக்கா. விடுங்க. சித்தின்னே கூப்பிடட்டும்.”

வழக்கில் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பல் தேய்க்கப் போனேன். அதன்பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நான் படித்து, வேலைக்குப் போய், பணி உயர்வும் பெற்றுச் சித்தியைக் கடைசியாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் வரை அவள் எனக்குச் சித்திதான். நல்ல சித்தி. குறை சொல்ல ஒன்றும் கிடையாது.

அவள் போன மறுவருஷம், அப்பாவைக் கண் மருத்துவரிடம் ஆட்டோவில் அழைத்துப் போனேன். வண்டி அந்த மருத்துவமனையைத் தாண்டியது. மைதானத்தைப் பாதி மறைத்துப் புதுக் கட்டடங்கள் எழும்பியிருந்தன. எந்தத் தூணருகே அம்மா வந்து நிற்பாள் என்று அப்பாவிடம் கேட்டேன்.

“உங்கம்மா எங்க நின்னா? அப்ப அவளால எழுந்து உக்காரவே முடியாது. உங்க சித்தியில்ல நின்னா.”

“அப்பா, நான் பாத்தேனே.”

“பாத்த. புடவையப் பாத்த.”

ஆட்டோ சிக்னலில் நின்றிருந்தது. சிறுசேரிக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் ஒன்று பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அப்பா அதைவிடச் சத்தமாகப் பேசினார்.

“உங்கம்மாதான் அனுப்புவா. ‘புள்ள ஏமாந்து போவா, என் புடவையக் கட்டிகிட்டு நீ போய் நில்லு. அவகிட்ட சொல்லிடாத. என்னைப் பாத்த ஞாபகம்னு அவளுக்கு ஒண்ணாவது இருக்கட்டும்’ன்னா. சித்தி சொல்லல இல்ல? சொல்லமாட்டா.”

முறைப்படி நியமிக்கப்பட்ட பிரதிநிதி என்று சொல்லலாம். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும் என்பது சட்டம். சித்தி சட்டம் படித்தவள் இல்லை.

என்னிடம் இருந்த ஒரே முதன்மை ஆதாரம் ஆட்டோவில் அப்படிப் போயிற்று. மற்றதெல்லாம் சித்தி சொன்ன கதைகள். பள்ளி நாட்களில் காலையில் எனக்குத் தலை பின்னும்போது அவள் அம்மாவைப் பற்றிப் பேசுவாள். அவள் சொல்வதை நான் அரைக் காதால்தான் கேட்பேன். நான் கண்ணால் கண்டவள். அவள் சொல்லிக் கேட்டு எனக்கு என்ன ஆக வேண்டும்? சொன்னவற்றில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஒன்று மட்டும் பாதி நிற்கிறது.

“ஒரு ஞாயித்துக்கெழம உங்கப்பா உனக்கு ஒரு ஜடைய காதுக்கு மேலயும், இன்னொண்ண தோள்மேலயும் போட்டுக் கூட்டிட்டு வந்திருந்தாரு. உங்கம்மா கண்ண மூடிப் படுத்திருந்தா. விஷயத்தச் சொன்னதும் சிரிச்சா பாரு, இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சா. திரும்பவும் சொல்லுன்னா. ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். என்ன கவுன் போட்டிருந்தா, வளந்திருக்காளா, எந்தக் கையால டாட்டா காட்டினான்னு ஒண்ணு விடாம கேப்பா.”

அம்மாவுக்கும் நான் வாரத்துக்கு ஒருமுறை சித்தி வாய்வழியாகத்தான் கிடைத்திருக்கிறேன். சித்தி வராந்தாவில் நின்று என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடிப் போய் அம்மாவிடம் ஒப்பித்திருக்கிறாள். பிறகு அம்மாவைப் பார்த்ததை என்னிடம் ஒப்பிக்க வந்திருக்கிறாள். படுத்திருந்தவளிடம் விஷயத்தைப் போய்ச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. என் அம்மா எப்படிச் சிரிப்பாள் என்று தெரிந்த ஒருத்தி சீப்பும் கையுமாக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போது புரியவில்லை.

“எப்படிச் சிரிப்பா தெரியுமா?” என்று அன்று காலை சித்தி சிரித்துக்காட்டத் தொடங்கினாள்.

“ஸ்கூல்ல மணி அடிச்சிருவாங்க சித்தி” என்று நான் ஜடையை அவள் கையிலிருந்து இழுத்துக்கொண்டு எழுந்தேன்.