நசுங்காத எலுமிச்சம்பழம்

திண்டிவனத்தில் என் கொட்டகையில் ஓர் அம்பாசிடர், நல்ல இன்ஜின் கிடைக்காமல் ஐந்து வருடமாக நின்றது. அதைக் கைவிட்டு, விழுப்புரத்தில் பார்த்து வைத்திருந்த பழைய ஜீப்பைச் சரிபண்ண எடுக்கலாம் என்று முடிவெடுத்தேன்.

காரை வாங்கக் காயலாங்கடைக்காரர் ஒருவர் வந்தார். ஒல்லி உடம்பு, சட்டைப் பை நிறையச் சாவிகள். எந்த இரும்பையும் ஒரு சாவியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்.

தட்டிக்கொண்டே வந்தவர் சக்கரத்தடியில் குனிந்தார். காரைக் கொண்டுவந்த அன்றே அவசரப்பட்டுப் பூஜை போட்டு நான் வைத்த எலுமிச்சம்பழங்கள், கறுத்துக் காய்ந்து அப்படியே இருந்தன.

“இன்னாங்க, பழத்து மேல ஏத்தாமலே வுட்டுட்டீங்க? பாதி பூஜையில நிக்கிற வண்டிய நான் தொடமாட்டேன்.”

“இன்ஜினே இல்லியேங்க.”

“ஸ்டேரிங் இருக்குதுல்ல? ஏறிக் குந்துங்க, நான் தள்றேன். ஏத்திட்டா எடுத்துக்கினு போறேன்.”

கூச்சத்தோடு உட்கார்ந்தேன். அவர் வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு தள்ளினார். கார் ஒரு முழம் நகர்ந்தது. பழங்கள் மொறுமொறுவென்று நொறுங்கின.

ஸ்டேரிங்கை விடாமலே, “காரைக் குடுக்கலைங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “அப்ப சரி. நம்ம கடையில அம்பாசிடர் இன்ஜின் ஒண்ணு சும்மா கெடக்குது. நாளைக்கு வந்து தட்டிப் பாருங்க” என்றார்.

வாங்க வந்தவர் விற்றுவிட்டுப் போனார். அன்று அவர் தள்ளியது பூஜைக்காகவா, இன்ஜினுக்காகவா என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.